உதைப்பதை நிறுத்துங்கள், பிளக்கைக் கழற்றுங்கள்

(தோட்ட இளைஞர் மன்றத்தின் மாதாந்தக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியது. வேலை காரணமாக வர முடியாமற் போனவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தரப்படுகிறது.)



போன கூட்டத்தில் போசாக்கைப் பற்றிப் பேசினேன். பின்வரிசையில் இருந்த தம்பிமார் பாதியிலேயே எழும்பிப் போய்விட்டார்கள். இந்த முறை மோட்டார் சைக்கிள் என்றதும் கதிரை போதவில்லை. சந்தோஷம். ஆனால் அம்மாமார் “இது ஆம்பிளைங்க சமாச்சாரம்” என்று எழும்ப வேண்டாம். பைக்குக்கு மாதாமாதம் கட்டுகிற காசில் உங்கள் கொழுந்துக் காசும் இருக்கிறது. கராஜில் கொடுக்கிற காசிலும் இருக்கிறது. இஸ்தோப்பில் அந்த பைக்கை நிறுத்தி வைத்திருப்பதும் உங்கள் அடுப்புக்குப் பக்கத்தில்தான். அதனால் கொஞ்சம் இருந்து கேளுங்கள்.

முதலில் என் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். 2011ஆம் வருஷம், நான் இந்த வேலைக்கு வந்த புதிது. என்னிடம் பழைய 100 சீசீ டூ ஸ்ட்ரோக் பைக் ஒன்று இருந்தது. ஆனி மாதம், நல்ல மழை. இரவு பதினொரு மணி இருக்கும். மேல் டிவிசனிலிருந்து ஒரு தகப்பன் ஓடி வந்தார். “ஐயா, பிள்ளைக்கு இழுப்பு, மூச்சு வாங்க ஏலாம கிடக்கு” என்றார். நாலு வயதுப் பையன். கீழே போய் லொறி டிரைவரை எழுப்பிக் கூட்டி வந்தால் டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலாம். நான் பைக்கைத் தள்ளி வெளியே எடுத்து உதைத்தேன். ஸ்டார்ட் ஆகவில்லை. சோக் போட்டு உதைத்தேன். அவரும் உதைத்தார். பக்கத்துக் காம்பராவில் இருந்தவரும் வந்து உதைத்தார். அரை மணித்தியாலம் அப்படியே போய்விட்டது. கடைசியில் பிள்ளையைக் கம்பளியில் சுற்றி, மழைக்கு மேலே ஒரு பொலிதீன் ரெட்டைப் போட்டு, மாறி மாறித் தூக்கிக்கொண்டு மூன்று கட்டை நடந்து மெயின் ரோட்டுக்குப் போனோம். அங்கே ஒரு மரக்கறி லொறி நிறுத்தி ஏற்றிக்கொண்டது. பிள்ளை பிழைத்தது. இன்றைக்கு மீசை முளைத்த பையன். இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறான், பெயர் சொல்லமாட்டேன், அவன் கூச்சப்படுவான்.

அடுத்த நாள் காலையில் டவுன் கராஜ் பாஸ் வந்தார். பைக்கைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைக் கழற்றினார். இரண்டு முனைக்கும் நடுவில் கடுகு அளவு கரி ஒட்டிக் கிடந்தது. ஆணியால் சுரண்டினார், துணியால் துடைத்தார், திருப்பிப் பூட்டி உதைத்தார். இரண்டாவது உதையில் ஸ்டார்ட். எல்லாமாக ஐந்து நிமிஷம் இல்லை. “முப்பது தரம் உதைச்சீங்களா? மூணு தரம் உதைச்சிட்டு இதைக் கழட்டியிருக்கலாமே” என்றார். அவர் காசு வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்தக் கரி எப்படி வந்தது என்றால், நான்தான் காரணம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது கடையில் புதிதாக வருகிற பைக் பெரும்பாலும் நாலு ஸ்ட்ரோக். ஆனால் நம்ம தோட்டங்களில் பழைய டூ ஸ்ட்ரோக் இன்னும் ஓடுகிறது. மலையில் கவ்வாத்து வெட்டுகிற மெஷின், புல்லு வெட்டுகிற மெஷின், மரம் அரிகிற மெஷின் இவற்றிலும் பெரும்பாலும் இருப்பது அதே டூ ஸ்ட்ரோக்தான். பைக் இல்லாதவருக்கும் இந்தப் பேச்சு உதவும்.

டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஸ்டார்ட் ஆக மூன்று சாமான் வேண்டும். காற்றோடு கலந்த பெற்றோல், சரியான நேரத்தில் தீப்பொறி, உள்ளே நல்ல அமுக்கம். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் இந்த மூன்றில் ஒன்று இல்லை என்று அர்த்தம். எது இல்லை என்று தெரியாமல் உதைத்துக்கொண்டே இருந்தால் முழங்கால்தான் போகும். பிளக்கைக் கழற்றினால் அதுவே சொல்லிவிடும்.

அதற்கு முன்னால் சின்ன விஷயங்களைப் பாருங்கள். சிரிக்காதீர்கள், கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போன பைக்கில் பெற்றோல் டெப் மூடியிருந்த கதை எனக்குத் தெரியும். சாவி போட்டிருக்கிறதா, ஹேண்டிலில் நிறுத்துகிற சுவிட்ச் இருந்தால் அது சரியான பக்கம் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா? டாங்கியை ஆட்டிப் பாருங்கள், சத்தம் கேட்கும். குறைவாக இருந்தால் டெப்பை ரிசேர்வுக்குத் திருப்புங்கள். டாங்கி மூடியில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று உண்டு, காற்று உள்ளே போக. அது சேற்றால் அடைபட்டால் கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடும். மூடியைத் திறந்தவுடன் “புஸ்” என்று காற்று இழுத்து, பிறகு ஸ்டார்ட் ஆனால் அதுதான் குறை. பலநாள் நிறுத்தி வைத்த பைக் என்றால் சைலன்சர் வாயையும் பாருங்கள். மண்குளவி கூடு கட்டியிருக்கும். மலையிலும் குளவி, பைக்கிலும் குளவி.

இனி பிளக். மூன்று நாலு தரம் உதைத்தும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் பிளக் ஸ்பேனரால் கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியிருக்கிற மண்ணை ஊதிவிடுங்கள், உள்ளே விழுந்தால் சிலிண்டர் கீறும். கழற்றிய பிளக் நனைந்திருந்தால் பெற்றோல் வருகிறது, குறை கரண்டில். காய்ந்து இருந்தால் பெற்றோலே வரவில்லை. இந்த ஒரு பார்வையில் பாதி வேலை முடிந்தது.

நிறத்தையும் பாருங்கள். நம்ம ஆட்களுக்கு நிறம் சொல்லித்தரத் தேவையில்லை. நன்றாக ஊறிய சாயத்தண்ணி போல மண்ணிறமாக இருந்தால் என்ஜின் சுகமாக இருக்கிறது. கறுத்து, எண்ணெய் வழிந்து இருந்தால் ஓயில் கூட, அல்லது சோக் கூட, அல்லது காற்று வடிகட்டி அடைபட்டிருக்கிறது. வெள்ளையாக வெந்துபோய் இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது, அல்லது பெற்றோல் போதவில்லை. அது ஆபத்து. பாஸிடம் காட்டாமல் தூரம் ஓட வேண்டாம்.

இரண்டு முனைக்கும் நடுவில் கரி இருந்தால் சுரண்டி எடுங்கள். நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி பெரும்பாலான பைக்குகளுக்கு 0.6 முதல் 0.7 மில்லி மீற்றர். அளக்கிற தகடு நம்மிடம் இருக்காது. இரும்பு அரிகிற வாளின் பிளேட் கிட்டத்தட்ட அந்த மொத்தம்தான். அது உரசிக்கொண்டு போய் வந்தால் சரி.

கரண்ட் வருகிறதா என்று பார்க்க, பிளக்கை அதன் மூடியில் செருகி, பிளக்கின் இரும்பு உடம்பை சிலிண்டர் தலையில் நன்றாக முட்டும்படி வைத்து, ஒருவர் உதைக்க வேண்டும். நீலமாக, “டிக்” என்று சத்தத்தோடு பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்து வந்தால் போதாது. ஒன்றுமே இல்லையென்றால் வேறு நல்ல பிளக் ஒன்றைப் போட்டுப் பாருங்கள், பிறகு மூடியையும் வயரையும் பாருங்கள். மழைக்காலத்தில் பிளக் மூடிக்குள் ஈரம் போய்விடும். காய்ந்த துணியால் துடைத்தாலே பல பைக் ஸ்டார்ட் ஆகும். பழைய மொடல்களில் பொயின்ட் இருக்கும், அது கறுத்துப் போயிருந்தாலும் கரண்ட் வராது. அதைத் தாண்டியது பாஸுடைய வேலை.

இந்தச் சோதனையில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உதைக்கும்போது பிளக் ஓட்டையால் பெற்றோல் ஆவி வெளியே அடிக்கும். பிளக்கை அந்த ஓட்டைக்குக் கிட்ட வைத்தால் தீ பிடிக்கும். ஆகவே தூரத்தில், மற்றப் பக்கமாக வையுங்கள், டெப்பையும் மூடுங்கள். இதை லயத்து இஸ்தோப்பில் செய்யவே கூடாது. வெளியே முற்றத்தில் செய்யுங்கள்.

பெற்றோல் இருக்கிறதா என்று குப்பி விளக்கைப் பிடித்து டாங்கிக்குள் எட்டிப் பார்த்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். எந்தத் தோட்டம் என்று சொல்லமாட்டேன். கையும் கழுத்தும் வெந்தது, தலைமயிர் கருகியது. அவர் ஓடி வெளியே பாய்ந்ததால் தப்பினார். பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த விறகில் தீ பிடித்து, மூன்று காம்பரா எரிந்தது. அந்த மூன்று குடும்பத்தின் பிறப்பத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் போனது. அந்தப் பத்திரங்களைத் திரும்ப எடுத்துக் கொடுக்க நான் பல மாதம் அலைந்தேன். கூரை போட்டுக் கொடுப்பது சுகம், பிறப்பத்தாட்சி எடுப்பதுதான் கஷ்டம். வெளிச்சம் வேண்டுமென்றால் டோர்ச் லைட் இருக்கிறது, இப்போது கையில் போனும் இருக்கிறது.

பெற்றோலை சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கிற பழக்கத்தையும் விடுங்கள். 2022ஆம் வருஷத் தட்டுப்பாட்டில், பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கோட்டா இருந்த காலத்தில், பல வீட்டில் கட்டிலுக்குக் கீழே போத்தல் இருந்தது. பிள்ளை தாகத்துக்கு எடுத்துக் குடித்தால் என்ன ஆகும்? அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு பெற்றோல் நுரையீரலுக்குள் போனால் அதுதான் உயிரை எடுக்கும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். குழாயை வாயில் வைத்துப் பெற்றோல் உறிஞ்சுகிற தம்பிமாருக்கும் இதே ஆபத்துதான்.

சரி, பிளக் நனைந்து தண்ணீராக வழிகிறது, கரண்டும் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் பெற்றோல் கூடிப்போய் “மூழ்கி” விட்டது. டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோல் முதலில் கீழே கிராங்க் இருக்கிற அறைக்குப் போய்த்தான் மேலே வரும். அந்த அறையில் தேங்கிவிட்டால் பிளக்கைத் துடைத்துப் போட்டாலும் திரும்ப நனையும். அன்று இரவு நாங்கள் செய்தது இதுதான். கரண்ட் இல்லாத என்ஜினுக்குள் சோக் போட்டு முப்பது தரம் பெற்றோல் இறைத்தோம். செய்ய வேண்டியது இது: டெப்பை மூடுங்கள், சோக்கை எடுத்துவிடுங்கள், பிளக்கைக் கழற்றி வையுங்கள், சாவியை நிறுத்துங்கள், எக்ஸிலேட்டரை முழுதாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு தரம் உதையுங்கள். தேங்கியது வெளியே போகும். ஐந்து நிமிஷம் அப்படியே விடுங்கள். பிளக்கைக் காயவைத்துப் பூட்டி, டெப்பைத் திறக்காமலே ஒருதரம் உதைத்துப் பாருங்கள்.

நம்ம பக்கத்தில் இது அடிக்கடி நடக்க ஒரு காரணம் இருக்கிறது. நுவரெலியா டவுன் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கொழும்பில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று குறைந்தால் அதே பெற்றோல் கூடுதலாகிவிடும். கொழும்புப் பக்கம் ஓடிய பைக்கை வாங்கி வந்தால் இங்கே பிளக் கறுக்கும், புகை கூடும், இழுவை குறையும். பைக்கைக் குறை சொல்லாதீர்கள். கார்புரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கித் தரும்படி பாஸிடம் கேளுங்கள். காலைக் குளிருக்கு சோக் வேண்டும்தான், ஆனால் ஸ்டார்ட் ஆனதும் எடுத்துவிட வேண்டும். சூடான என்ஜினுக்கு சோக் போடவே வேண்டாம்.

பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரும் வழியைப் பாருங்கள். டெப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விடுங்கள். ஓடி வந்தால் டாங்கி சரி, குறை கார்புரேட்டரில். பெரும்பாலும் அதன் அடிக் கோப்பையில் தண்ணீர் இருக்கும். மழையும் பனியும் உள்ள இடம், பாதி காலியான டாங்கிக்குள் ஈரம் படிந்து தண்ணீராக இறங்கும். கோப்பையின் அடியில் ஒரு திருகாணி இருந்தால் அதைத் தளர்த்தி ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். தண்ணீர் அடியில் முத்து முத்தாகத் தனியாக நிற்கும். ஜெட் அடைபட்டிருந்தால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெருத்துவிடும். சைக்கிள் பம்பால் காற்றடித்தால் போதும்.

பெற்றோலில் மண்ணெண்ணெய் கலந்திருக்கிறதோ என்று சந்தேகம் இருந்தால், ஓயில் கலக்கு முன் ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விடுங்கள். நல்ல பெற்றோல் தடயம் இல்லாமல் காய்ந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் தாளில் பசையாக நிற்கும்.

இப்போது ஓயில். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்குக்கும் பிஸ்டனுக்கும் வேறு ஓயில் கிடையாது. பெற்றோலோடு போகிற ஓயில்தான் அதற்குக் காவல். சில பைக்கில் தனி டாங்கி வைத்து பம்ப் அளந்து விடும். யமஹா கம்பனி 1964இலேயே அப்படிச் செய்தது. அது இல்லாத பைக்குக்கு நாம்தான் அளந்து கலக்க வேண்டும். என் தப்பு இங்கேதான். ஓயில் கூடினால் என்ஜினுக்கு நல்லது என்று நினைத்து, அளக்காமல் கண்மதிப்புக்கு ஊற்றினேன். கூடிய ஓயில் எரியாமல் கரியாகி பிளக்கில் ஏறியது, சைலன்சரிலும் அடைத்தது. அந்த இரவு அதனால் வந்தது.

குறைத்தாலும் ஆபத்து. பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளும், பின் சில்லு பூட்டிக்கொள்ளும். பைக்கோடு வந்த புத்தகத்தில் எத்தனைக்கு ஒன்று என்று இருக்கும், அதன்படி செய்யுங்கள். 40க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 25 மில்லி லீற்றர், 20க்கு 1 என்றால் 50 மில்லி லீற்றர். டிஸ்பென்சரியில் பாணி மருந்தோடு வருகிற சின்னக் கோப்பையால் அளக்கலாம். அளந்த கோப்பையைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டு போகாதீர்கள். அதில் பிள்ளைக்கு மருந்து கொடுத்துவிடுவீர்கள்.

ஓயிலோடு சேர்ந்த இன்னொரு விஷயம், மலையிறக்கம். எக்ஸிலேட்டரை முழுதாக மூடிவிட்டு, கியரில் போட்டபடி நீண்ட இறக்கத்தில் வந்தால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெற்றோல் போகாது. பெற்றோல் போகாவிட்டால் கலந்த ஓயிலும் போகாது. ஆகவே இடைக்கிடை கிளச்சைப் பிடித்து எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கிவிடுங்கள். பெற்றோலை மிச்சம் பிடிக்க என்ஜினை நிறுத்தி, நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருவது அதைவிட மோசம். பிறேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் வராதீர்கள்.

பெற்றோலும் வருகிறது, கரண்டும் இருக்கிறது, ஆனாலும் இல்லை என்றால் அமுக்கம். பிளக் ஓட்டையைப் பெருவிரலால் அழுத்தி மூடி உதைக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வர வேண்டும். வராவிட்டால் ரிங் தேய்ந்திருக்கலாம். அதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. கராஜுக்குப் போகும்போது “ஸ்டார்ட் ஆகல்ல” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பெற்றோல் வருது, நீலக் கரண்ட் இருக்கு, அமுக்கம் இல்ல” என்று சொல்லுங்கள். தெரிந்த ஆளிடம் தேவையில்லாத சாமான் மாற்றிக் காசு கேட்க எந்த பாஸும் யோசிப்பார்.

கூட்டம் முடிய ஒரு அக்கா கேட்டார், “இப்பதான் அம்புலன்ஸ் வருதே ஐயா, பைக்கை ஏன் இவ்வளவு நம்பணும்?” என்று. நியாயமான கேள்வி. 1990 என்ற இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் தொடங்கிய சேவை. நோயாளி என்றால் முதலில் அதற்குத்தான் அடிக்க வேண்டும். மூச்சுத் திணறுகிற பிள்ளையை பைக்கில் வைத்துக் கொண்டுபோவது நல்லதும் இல்லை. ஆனால் நம்ம மேல் டிவிசனில் போன் சிக்னல் எடுக்கப் பாறை வரைக்கும் ஏற வேண்டியிருக்கிறது, மழையில் ரோட்டு சரிந்தால் வண்டி கீழேயே நின்றுவிடும். கீழே ஓடிப்போய் ஆள் கூட்டி வர அப்போதும் பைக்தான்.

ஒரு தம்பி கேட்டார், பழைய டூ ஸ்ட்ரோக் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா என்று. வாங்குமுன் விடியக்காலையில், சொல்லாமல் போய்ப் பாருங்கள். என்ஜினில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருமுன்னே அவர் ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார். ஆறிய பிறகு நீங்களே உதைத்துப் பாருங்கள். பிளக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கழற்ற விடமாட்டேன் என்றால் திரும்பி வாருங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மன்ற வாசலில் என் பைக்கை நிறுத்தி வைப்பேன். பிளக் ஸ்பேனர் என்னிடம் இருக்கிறது. வருகிறவர்கள் பழைய டூத் பிரஷ் ஒன்றும் காய்ந்த துணியும் கொண்டு வாருங்கள். தங்கச்சிமாரும் வரலாம், கழற்றிப் பூட்ட ஆளுக்கு ஒரு தரம் கொடுப்பேன். பீடி, சிகரெட் மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.